முதலோடே ஐந்தில் ஒரு பங்கு

பத்து வருஷம் நான் நன்றாகப் பாடினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சபைகளில் ஒரு நம்பிக்கை உண்டு: உள்ளே பாவம் இருந்தால் ஜெபம் தடைபடும், பாட்டு தொண்டையில் நிற்கும், வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடாது என்பார்கள். எனக்கு எதுவும் தடைபடவில்லை. கொயரில் பேஸ் குரல் எனக்கு. பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தைக்குப் பிறகு வரும் பாட்டில் நாலு வரி நான் தனியாகப் பாடுவேன். முடித்து உட்காரும்போது முன்வரிசையில் இருக்கும் வயதான அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்துக்கொள்வேன். அது நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர்தான்.

அந்தப் பத்து வருஷமும் என் அக்காவின் பங்கு என் பெயரில் இருந்தது.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது, அப்பா அறுபதுகளில் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தார். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து, பெரம்பூரிலேயே ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவான மனையில் ஓட்டு வீடு கட்டினார். பிறகு அது தளம் போட்ட வீடானது. அவர் 2006-இல் போனார். அம்மா 2011-இல். இரண்டு பேரும் உயில் எழுதவில்லை. பிள்ளைகள் நாங்கள் இருவர், அக்காவும் நானும்.

கிறிஸ்தவர்களுக்கு இந்த விஷயத்தில் சட்டம் தெளிவு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவப் பெண்களுக்குத்தான் வேறொரு பழைய சட்டம் குறுக்கே நின்றது. மேரி ராய் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தீர்த்தது. சென்னையில் எங்களுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. சட்டம் சமமாகக் கொடுத்ததைக் குடும்பம்தான் வளைத்து வாங்கும். "பொண்ணுக்குத்தான் கல்யாணத்துல போட்டு அனுப்பியாச்சே" என்ற ஒரு வாக்கியம் போதும். வேதத்தில் எங்கும் இல்லாத வசனம். ஆனால் பல கிறிஸ்தவ வீடுகளில் வேதத்தைவிட நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கிற வசனம்.

எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். பத்திரம் படிப்பதுதான் என் பிழைப்பே. வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரி இடித்தால் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவன் 2012-இல் அக்காவிடம் சொன்னேன்: "வீட்டு வரி, ஈபி கனெக்‌ஷன் எல்லாம் ஒரே பேர்ல இருந்தா அலைச்சல் இல்லக்கா. எழுதி வச்சாலும் உன் பங்கு உன் பங்குதான்."

"நீ சொன்னா சரி தம்பி."

சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, இடது கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். பதிவாளர் அக்காவைப் பார்த்து, "விடுதலைப் பத்திரம்மா. படிச்சுப் பாத்துட்டீங்களா?" என்றார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுகிற பத்திரம் அது. அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தம்பி படிச்சிட்டான் சார்."

இரண்டு வருஷத்தில் இடத்தைக் கட்டுமானக்காரருக்குக் கொடுத்தேன். நான்கு ஃபிளாட், அதில் இரண்டு எனக்கு. ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். இன்னொன்றை 2016 ஜனவரியிலிருந்து வாடகைக்கு விட்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போட்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வங்கியில் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் ஃபைலை மூடியிருக்கவே மாட்டேன்.

இனி ஆராதனை. நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் ஆராதனை முறையில் பாவ அறிக்கை ஆரம்பத்திலேயே வந்துவிடும். முழங்காலில் நின்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபம். காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப் போனதையும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் அந்தப் பழைய ஜெபம் சொல்லும். அழகான ஜெபம். நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் எல்லாமே 'நாங்கள்'. பன்மை ஒளிந்துகொள்ள வசதியான இடம். நூறு பேர் சேர்ந்து "பாவஞ்செய்தோம்" என்று சொல்லும்போது என் பங்குக்கு நூற்றில் ஒன்று வருகிறது; அதையும் நான் பொறுமையின்மை, கோபம், ஜெபக்குறைவு என்று சில்லறையாக மாற்றிக் கொடுத்துவிடுவேன். கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியார் கூப்பிடும்போது முன்னால் போய் நின்று அழுதிருக்கிறேன். மூன்று தடவையோ நாலு தடவையோ. அந்த அழுகையில் அந்த வீடு ஒரு தடவைகூட வரவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது என் மனதில் பாவம் என்ற தலைப்பின் கீழ் பதிவாகவே இல்லை. சொத்து என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

வேதத்தில் ஆமோஸ் புத்தகத்தில் ஒரு வசனம் உண்டு: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, உன் வீணைகளின் ஓசையை நான் கேட்கமாட்டேன்." புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இதை அச்சடிப்பதில்லை. அங்கே எரேமியா 29:11-தான் வரும், நம்மைக் குறித்துக் கர்த்தர் நினைத்திருக்கிற நினைவுகளைப் பற்றியது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருப்பதை யாரும் வாசிப்பதில்லை. நான் ஒவ்வொரு வருஷமும் அந்த அட்டையை பர்ஸில் வைத்துக்கொள்வேன்.

*

2022 லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு ஞாயிறு. உறவுக்காரக் குழந்தைக்கு எங்கள் சபையில் ஞானஸ்நானம், அக்காவும் வந்திருந்தாள். தொண்டை கட்டியிருந்ததால் நான் அன்று கொயரில் இல்லை, பெஞ்சில் இருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திருவிருந்து ஞாயிறு.

எங்கள் முறையில் காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒன்று உண்டு. ஆயர் கொடுக்க ஆரம்பிப்பார். கைக்குள் கை வைத்து ஒருவரிலிருந்து ஒருவருக்கு வரிசையாக வரும். 1950-இல் வந்த தென்னிந்தியத் திருச்சபை வழிபாட்டு முறையிலேயே இது இருக்கிறது. அது ஏன் காணிக்கைக்கு முன்னால் வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்தால் மத்தேயு 5 தெரியும்: பலிபீடத்தண்டை வந்தபின் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகி, பிறகு வா. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால்.

(இந்த 'ஒப்புரவு' என்ற சொல்லைப் பற்றி ஒன்று. திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அது ஊருக்குக் கொடுத்து வாழ்வது. வேதத்தைத் தமிழாக்கியவர்கள் உறவு சீராவதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கையைத் திறக்காமல் ஒப்புரவு இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.)

அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, "சமாதானம் உண்டாவதாக தம்பி" என்றாள். காய்கறி நறுக்கி நறுக்கி ஆள்காட்டி விரலில் கறுப்புக் கோடுகள். அந்தக் கைதான் பத்திரத்தில் ரேகை வைத்தது. நான் அடுத்தவருக்குச் சமாதானம் கொடுக்கத் திரும்பினேன். கொடுக்கவும் செய்தேன். ஆனால் காணிக்கைப் பை வந்தபோது சட்டைப்பையிலிருந்து எடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டு யாருடையது என்று ஒரு கேள்வி வந்தது. அன்றைக்குக் காலையில்தான் வாடகை வந்திருந்தது.

இந்த இடத்தில் "அன்றே மனந்திரும்பினேன்" என்று எழுதினால் நன்றாக இருக்கும். கால் கிளம்ப ஆகஸ்ட் கடைசி ஆனது.

நடுவில் என்ன செய்தேன்? ஆயரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஐயா, பாஸ்கா முடிஞ்சதும் சபைக்கு முன்னாடி சாட்சி சொல்லிடறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல ஐயா."

"அப்ப சபைகிட்ட என்னத்த சொல்லப்போறீங்க?"

சாட்சி சொல்வதில் எனக்கு இருந்த ருசியை அவர் அந்த ஒரு கேள்வியில் எடுத்துவிட்டார். செய்த பாவத்திலிருந்தே ஒரு நல்ல பெயர் எடுக்கலாம் என்று மனம் எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போடுகிறது!

பிறகு உட்கார்ந்து நிஜக் கணக்குப் போட்டேன். வரி வசூலித்த சகேயுவின் கதையைச் சின்ன வயதிலிருந்து பாட்டாகப் பாடியிருக்கிறோம், மரத்தில் ஏறின குள்ள மனிதன். அவன் மரத்திலிருந்து இறங்கினதற்குப் பிறகு சொன்னது கணக்கு: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய். அதே நாலத்தனையைத்தான் தாவீது ராஜாவும் சொன்னான், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னபோது, அந்தப் பணக்காரன் தானே என்று தெரியாமல். ஏமாற்றி எடுத்ததற்கு மோசேயின் நியாயப்பிரமாணம் இவ்வளவு கேட்கவில்லை. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில், பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி செலுத்துகிற அதே நாளில் கொடுக்க வேண்டும். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், இருபது சதவீதம் நியாயமான அபராதம். ஆனால் எனக்குப் பிடிபட்டது அந்த நாள்தான். பலியும் பணமும் ஒரே நாள். கோயிலுக்குப் போகிற வழியில் அவன் வீடு இருக்கிறது.

வாடகை முதல் மூன்று வருஷம் பன்னிரண்டாயிரம். முப்பத்தாறு மாதத்துக்கு 4,32,000. அதன் பிறகு பதின்மூவாயிரத்து ஐந்நூறு. 2022 ஆகஸ்ட் வரை நாற்பத்து நாலு மாதம், 5,94,000. மொத்தம் 10,26,000. வீட்டு வரி, பெயின்ட் செலவு கழித்தேன். ஒரு நாள் கழித்து, கழித்ததை அடித்துவிட்டேன். அப்புறம் இன்னொன்று இடித்தது. 2020 ஊரடங்கில் குடியிருந்த பையனுக்கு வேலை போய்விட்டது. மூன்று மாதம் வாடகை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்த மூன்று மாதத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே என்று பென்சிலை வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது: அந்த உதவியை நான் ஸூமில் நடந்த ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குச் சேர வேண்டிய வாடகையை எடுத்துத் தர்மம் செய்துவிட்டு, புகழை நான் வாங்கியிருக்கிறேன். எடுக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு 2,05,200. ஆக 12,31,200 ரூபாயும் அந்த ஃபிளாட்டும்.

வீட்டில் சொன்னேன். மகன் எடுத்த எடுப்பில், "அப்பா, லீகலா நம்ம மேல தப்பே இல்லையே" என்றான். அவன் சொன்னது சரி. பத்திரம் அப்படி எழுதப்பட்டது, எழுதினவன் நான். மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அந்த வாடகைலதான் இவன் காலேஜ் ஃபீஸ் கட்டுனோம்" என்றாள். அது எதிர்ப்பா ஒப்புதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் தன் வளையலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை விற்கவில்லை, என் பி.எஃப். பணம் போதுமாக இருந்தது.

*

பெரம்பூரிலிருந்து 29சி பிடித்தால் அடையாறு. நாள் பார்த்துப் போகவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகுதான் தெரிந்தது ஆகஸ்ட் 29, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம். காவி உடுத்தின கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "மாதா கோயிலுக்கா தம்பி?" என்றார். "இல்லம்மா, அக்கா வீட்டுக்கு." "அப்படியே ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். நாங்கள் சி.எஸ்.ஐ.காரர்கள் மாதா கோயிலுக்கு வெளிப்படையாகப் போகமாட்டோம். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெழுகுவத்தி மட்டும் ஏற்றுவோம்.

ஜெமினி பக்கம் நெரிசலில் பஸ் நின்றது. புனித ஜார்ஜ் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது அந்த ஆலயத்தில். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றானார்கள். 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, முடிக்க 28 வருஷம் ஆயிற்று. நான் ஐந்து மாதம்தானே தள்ளிப்போட்டேன் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர்கள் அத்தனை வருஷமும் பேசிக்கொண்டாவது இருந்தார்கள்.

அக்கா வீடு சாஸ்திரி நகரில், வாடகைக்கு, மாடியில். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். லூக்கா 15-இல் வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பித் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, "மனதுருகி, ஓடி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு" முத்தமிடுகிறார். நாங்கள் மனந்திரும்புதல் என்றதும் கண்முன் கொண்டுவருகிற காட்சி அது. அக்கா ஓடிவரவில்லை. நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நறுக்குவதை நிறுத்தவுமில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள்.

2014-லேயே தெரியும். இடத்தைக் கட்டுமானத்துக்குக் கொடுத்த செய்தி கேட்டு அத்தான் பத்திர நகல் எடுத்துப் படித்திருக்கிறார். வக்கீலைப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அக்கா வேண்டாம் என்றிருக்கிறாள். "அவர் கேட்டுக்கிட்டே இருப்பார், உன் தம்பி எப்ப குடுப்பான்னு. குடுப்பான், குடுப்பான்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்புறம் அவர் போயிட்டார். அவர்கிட்ட நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

அத்தான் இறந்தது 2018-இல், இதே வாடகை வீட்டில். சவப்பெட்டி மாடிப்படியில் திரும்பாமல் நான்தான் ஒரு பக்கம் தாங்கி இறக்கினேன்.

நான் போட்டுக்கொண்டு போன கணக்கில் அந்த வரி இல்லை. அதற்கு ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு?

"அப்படின்னா அன்னிக்கு சர்ச்ல..." என்றேன்.

"தெரிஞ்சுதான் குடுத்தேன். பக்கத்துல யார் நிக்கறாங்களோ அவங்களுக்குக் குடுக்கணும். நீ நின்ன." பேப்பரை மடக்கி நார்களை எடுத்தாள். "கொடியேத்தம், பஸ்ஸு கூட்டமா இருக்கும். சீக்கிரம் கிளம்பு."

காபி போட எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

*

அன்று திரும்பும்போது எனக்கு யூதாஸ் ஞாபகம்தான் வந்தது. அவனும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான், முப்பது வெள்ளிக்காசையும், ஒன்று குறையாமல். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு அறிக்கையும் செய்தான். அப்படியும் தமிழ் வேதம் அவனுக்கு 'மனந்திரும்பி' என்று போடவில்லை, 'மனஸ்தாபப்பட்டு' என்று போடுகிறது. மூலமொழியிலும் அங்கே சொல் வேறுதான். நம் பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்கு நடுவில் விழுந்த விரிசல். யூதாஸ் காசை ஆசாரியர்களிடம் எறிந்தான். தான் காட்டிக்கொடுத்தவரிடம் போகவில்லை. காசு திரும்பியது, ஆள் திரும்பவில்லை.

மனந்திரும்புதல் என்ற நம் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரேக்கத்தில் 'மெட்டனோயா', மனம் மாறுவது. எபிரெயத்தில் 'ஷூப்', வந்த வழியே திரும்பி நடப்பது. இரண்டையும் ஒரே சொல்லில் தமிழ் வைத்திருக்கிறது. எனக்கு மனம் கன்வென்ஷன் பந்தலிலேயே பலமுறை மாறியது. திரும்புவதற்குத்தான் 29சி தேவைப்பட்டது. அதுவும் ஒரு தடவை போனால் முடிகிற பயணம் இல்லை. 1517-இல் லூத்தர் வைத்த தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். இளம் வயதில் அதைக் கேட்டபோது, வாழ்க்கை முழுக்க அழுதுகொண்டே இருப்பதா என்று பயமாக இருந்தது. அழுகை இதில் சின்னப் பகுதி.

பத்திரப் பதிவு நவம்பரில் நடந்தது. அதே சார்பதிவாளர் அலுவலகம், ஆள் வேறு. பத்திரத்தை அக்கா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சொத்து விவரத்தில் கதவு எண்ணை விரல் வைத்துப் பார்த்தாள். பின்னால் டோக்கனோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுத்தர் என்னைப் பார்த்தார். நாற்பது நிமிஷம். "படிச்சிட்டேன்" என்று அவளே சொன்னாள், யாரும் கேட்காமல்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் ஏதாவது நடந்திருக்க வேண்டும், இல்லையா? எதுவும் நடக்கவில்லை. கீபோர்டுக்காரப் பையன் சுருதியைத் தவறாக வைத்துவிட்டான்; பாட்டு பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. நான் கொயரில் இல்லை. ஒரு வருஷம் தனிப்பாட்டு வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பாவ அறிக்கையின்போது 'நாங்கள்' என்ற இடத்தில் என் உதடு ஒரு நொடி பிந்தியது. பிறகு சமாதானம் வந்தது. பக்கத்தில் நின்ற, பெயர் தெரியாத கல்லூரிப் பையனின் கையில் என் கையை வைத்தேன். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நான் அங்கே இருந்தேன். பத்து வருஷம் பாடியபோது யாரோ ஒருவன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான்.

51-ஆம் சங்கீதத்தை எத்தனையோ லெந்துகளில் வாசித்திருக்கிறேன். அதன் வரிசை இப்போதுதான் கண்ணில் படுகிறது. முதலில் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்". பிறகு, "அப்பொழுது பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்". அதற்கும் பிறகுதான், "என் உதடுகளைத் திறந்தருளும், அப்பொழுது என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும்". பாட்டு மூன்றாவதாக வருகிறது. நடுவில் வேலை ஒன்று கொடுக்கப்படுகிறது, அதுவும் பாதகர் மத்தியில், அதாவது தன்னைப் போன்றவர்களின் மத்தியில்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள், என் வாழ்க்கையில் தேவசித்தம் என்ன, கர்த்தர் எனக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று. பெரும்பாலும் அது ஐ.டி. வேலை, கனடா, கல்யாணம் சம்பந்தப்பட்ட கேள்வி. தப்பில்லை. ஆனால் பேதுருவுக்கு அவன் நோக்கம் எங்கே கொடுக்கப்பட்டது என்று பார்க்கிறேன். "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று, இயேசுவைத் தெரியாது என்று அவன் மறுதலிப்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிடுகிறார். மறுதலித்தது கரிநெருப்புக்குப் பக்கத்தில், குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடற்கரையில் அவன் கரையேறினால், அங்கேயும் கரிநெருப்பு, மேலே மீன். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. எங்கே விழுந்தானோ அதே வாசனையில் வைத்துத்தான் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று வேலை கொடுக்கிறார்.

என் கரிநெருப்பு பத்திரம். ஆயர்தான் ஆரம்பித்து வைத்தார். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அம்மாவைத் தம்பிமார் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்சம் படித்துப் பாருங்களேன் என்றார். அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து பாரிஷ் ஹாலில் ஒரு மூலையில் உட்காருகிறேன். கொண்டுவருகிற காகிதத்தைப் படித்து, இது விடுதலைப் பத்திரம், இதில் கையெழுத்துப் போட்டால் உங்களுக்குப் பங்கு கிடையாது, இது பொது அதிகாரப் பத்திரம், இன்னார் பெயருக்கு விற்கும் உரிமை போகிறது என்று சொல்வேன். அதற்குமேல் வக்கீலிடம் அனுப்பிவிடுவேன். விருப்பத்தோடு விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. தெரிந்து கொடுத்தால் அது கொடை. ஒரு தடவை ஒரு தம்பியே கூட வந்திருந்தார், நல்ல மனிதர், சபைக் கமிட்டி உறுப்பினர். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் அண்ணே, எழுதினாலும் அவங்க பங்கு அவங்களுக்குத்தான்" என்றார்.

"இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்து, முழுக்கச் சொன்னேன். ஆயர் அன்று எடுத்துவிட்ட சாட்சி ருசி அதில் இல்லை. வாய் கசந்தது. அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

அக்கா இன்னும் என் வீட்டில் சாப்பிடவில்லை. ஆனால் ஃபிளாட் அசோசியேஷனுக்கு நான் செயலாளர், அவள் உரிமையாளர். போன மாதம் மோட்டார் காயில் எரிந்து ரிப்பேர் செய்தோம். பராமரிப்புத் தொகையை ஏற்ற வேண்டி வந்தது. நேற்று போன் செய்தாள்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்க. போன மாசம் ரெண்டாயிரம்தானே?"

"மோட்டார் செலவுக்கா..."

"பில்லு இருக்கா?"

"இருக்கு."

"அனுப்பு. படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

நான்கு பில். ஒன்றில் மை மங்கியிருக்கிறது. கடைக்காரரிடம் போய் வேறு எழுதி வாங்க வேண்டும்.